மரத்துப்போன சுண்டு விரல்: முழங்கை நரம்பு சொல்லும் பாடம்

முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரைக்கும் சுரீரென்று கரண்ட் அடித்ததுபோல் ஓடும். எலும்பில் பட்ட அடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அடி விழுந்தது எலும்பின் பின்புறம், தோலுக்குச் சற்றே அடியில் ஓடும் அல்னார் நரம்பில்.

கழுத்திலிருந்து வரும் நரம்புகளில் ஒன்றான இது, முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்துக்குள் நுழைந்து கைக்குப் போகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்வு தருவது இதுவே. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும், சாவியைப் பிடித்துத் திருப்பவும் உதவும் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இதுவே. முழங்கையை மடக்கும்போதெல்லாம் இந்த நரம்பு இழுபடுகிறது, சந்தும் இறுகுகிறது. அந்த இறுக்கம் நிலைத்துவிட்டால் முதலில் விரல் மரத்துப்போகும். பிறகு பிடி தளரும். கடைசியில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை வற்றிப் பள்ளம் விழும்.

சந்தில் சிக்கிய இந்த நரம்பைக் காப்பாற்ற மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளாகப் போராடி வருகிறது. அந்தக் கதையில் தமிழ்நாட்டு வேலூருக்கு இடம் உண்டு. பேராக் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு அதில் ஒரு பாடமும் உண்டு.

வெட்டினார்கள், இடம் மாற்றினார்கள், விடுவித்தார்கள்

1816-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஹென்றி எர்ல், தாங்க முடியாத கைவலியால் துடித்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அல்னார் நரம்பை முழங்கைக்கு அருகே துண்டித்தார். வலி நின்றது. அதோடு சுண்டு விரலின் உணர்வும் போனது. அன்றைக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

1878-இல் பாரிஸ் நகரின் பனாஸ் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்துச் சொன்னார். சிறு வயதில் முழங்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து விரல்கள் செயலிழக்கலாம் என்பதே அது. மரத்திலிருந்து விழுந்த பையனுக்கு எண்ணெய்க்கட்டு போட்டு, "எல்லாம் சரியாப் போச்சு" என்று விட்டுவிட்ட குடும்பங்கள் இதைக் கேட்டால் திடுக்கிடும். எலும்பு கூடிவிட்டது, ஆனால் நரம்பு அந்தக் கோணலின் மேல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

1898-இல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் என்பவர் நரம்பை வெட்டவில்லை. எலும்பு முனையின் பின்னாலிருந்து எடுத்து முன்பக்கம் வைத்தார். இழுபடும் பாதையே மாறியது. 1942-இல் லியர்மந்த் அதைத் தசைக்கு அடியில் பத்திரப்படுத்தும் முறையை விளக்கினார். 1957-இல் இங்கிலாந்தின் ஆஸ்போர்ன், நரம்பை நெரிப்பது பல நேரங்களில் அதன் மேல் குறுக்கே கட்டியிருக்கும் ஒரு நார்ப்பட்டைதான் என்று காட்டினார். அந்தப் பட்டையை மட்டும் அறுத்துவிட்டால் நரம்பு இருந்த இடத்திலேயே மூச்சு விடும். மறு ஆண்டே கனடா மருத்துவர்கள் இருவர் இந்த நோய்க்கு 'கியூபிட்டல் டனல்' என்ற பெயரை வழங்கினார்கள்.

எது சிறந்தது? 2005-இல் நெதர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் வெளிவந்தன. பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதனால் முழங்கை கோணலாகாமல், நரம்பும் இடம் பிறழாமல் இருப்பவர்களுக்குச் சிறிய அறுவையே போதும் என்ற கருத்து வலுப்பெற்றது. நரம்பையே துண்டித்த கத்தி, இப்போது ஒரு பட்டையை அறுப்பதோடு நின்றுகொள்கிறது.

தோட்டத்தில் இருந்த பயம்

இனி பேராக்கிற்கு வருவோம். 1877-இல் கோலக்கங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை, பின்னர் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா என்று பரவி ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பால்மரக் காட்டுக்குக் கொண்டுவந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளி பிடித்து மரம் மரமாக வெட்டி, பால் வாளியைக் காண்டாவில் தூக்கிய கைகள் அவை. கையே அவர்களுக்குச் சோறு.

அந்தக் கையில் விரல் மரத்துப்போனால் என்ன ஆகும்? அன்று அதற்கு இன்னொரு பயங்கரமான பொருள் இருந்தது. தொழுநோய்க் கிருமி விரும்பித் தாக்கும் நரம்புகளில் முதன்மையானது இதே அல்னார் நரம்புதான். பேராக்கையும் உள்ளடக்கிய மலாய் கூட்டரசு மாநிலங்களில் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளர்களைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வழிசெய்தது. 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள்.

கையைக் காட்டினால் குடும்பமே சிதறும் என்ற நிலையில், மரத்துப்போன விரலை டிரசரிடம் யார் காட்டுவார்கள்? மறைத்தார்கள். மறைத்த ஒவ்வொரு மாதமும் நரம்பு செத்துக்கொண்டிருந்தது.

வேலூரில் விடிந்தது

1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டில் தொழுநோயாளர்களைப் பார்த்தவர், விரல்கள் பறவையின் கால் நகம்போல் வளைந்து கிடந்த கைகளைக் கண்டு அதிர்ந்தார். சதை அழுகி விரல் உதிர்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தபோது, நரம்பு சில இடங்களில் மட்டுமே தடித்திருப்பது தெரிந்தது. தோலுக்கு அருகில், உடலின் குளிர்ந்த பகுதிகளில், குறிப்பாக முழங்கைக்குச் சற்று மேலே. உணர்வு போனதால்தான் கை சுடுகிறது, கிழிகிறது, தேய்கிறது. சதை தானாக அழுகவில்லை.

செத்த தசைகளுக்குப் பதிலாக, முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் தசையின் நாணை விரலுக்குக் கொண்டுவந்து இணைக்கும் அறுவையை அவர் வளர்த்தெடுத்தார். மடங்கிய விரல் நிமிர்ந்தது. பிச்சை எடுத்த கை உளியையும் ஊசியையும் பிடித்தது. பின்னாளில் தமிழகத்து அறுவை மருத்துவர் எச். சீனிவாசன் போன்றோர் அந்தப் பணியை மேலும் முன்னெடுத்தார்கள்.

சுங்கை பூலோவும் மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றது. தொழுநோய் மருந்தான டாப்சோனைக் கிருமி எதிர்த்து நிற்கத் தொடங்கியிருப்பதை, 1964-இல் அங்கிருந்த ஆய்வாளர்கள்தாம் முதலில் நிரூபித்தார்கள். பிறகு கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. இன்று தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோய். மருந்து தொடங்கியதும் பிறருக்குப் பரவும் ஆற்றலையும் விரைவில் இழந்துவிடுகிறது.

கத்தியைவிடக் காலம் முக்கியம்

லண்டனும் வேலூரும் சொல்வது ஒரே பாடம். அறுபட்ட அல்லது நசுங்கிய நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைக்கு சுமார் 30 சென்டிமீட்டர். ஆக, நரம்பு திரும்பிப் போய்ச் சேரவே பத்து மாதம் ஆகும். நரம்பின் தொடர்பில்லாமல் தசை ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருப்பது அரிது. சதை வற்றிய பிறகு வருபவருக்கு எவ்வளவு திறமையான அறுவையும் வலியைக் குறைக்கலாம். போன பலத்தை முழுதாகத் திருப்பித் தராது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. அங்கிருந்து வெளியேறி ஈப்போவைச் சுற்றி வாழும் பெரியவர்கள் பலர், "வயசாச்சு, நீரிழிவு வேற, கை மரக்கத்தான் செய்யும்" என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். நீரிழிவும் நரம்பை நலிவடையச் செய்யும் என்பது உண்மை. அது கையைக் காட்டாமல் இருப்பதற்குக் காரணமாகாது. சீக்கிரம் காட்டுவதற்கே காரணம்.

தொடக்க நிலையில் பலருக்கு அறுவையே தேவைப்படாது. முழங்கையை மேசையில் ஊன்றாமல் இருப்பது, தொலைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் கையை மடக்காமல் இருப்பது, இரவில் முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டி நீட்டியபடி உறங்குவது ஆகியவையே பயன் தரும். குறையாவிட்டால் கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போ பொது மருத்துவமனைக்குப் போகலாம். நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளந்து முடிவு செய்வார்கள். தோலில் உணர்வற்ற தேமல் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

1915-இல் ஃபிரோமாங் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நரம்புக்கு ஓர் எளிய சோதனை சொன்னார். அதற்குத் தேவை ஒரு செய்தித்தாள். இந்தப் பக்கத்தின் இரு ஓரங்களையும் இரு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடித்து, இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். கட்டைவிரல் நேராக நின்று பிடித்தால் நல்லது. ஒரு கையில் மட்டும் விரலின் நுனிக் கணு மடங்கிக்கொண்டு தாள் நழுவினால், அந்தக் கை உதவி கேட்கிறது.

வீட்டிலிருக்கும் தாத்தா, பாட்டியிடமும் இதைச் செய்யச் சொல்லுங்கள். அந்த நாளில் கையை மறைக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. இன்று இல்லை.