நுங்கம்பாக்கத்து கல்தூணும் அப்பாவோட பைனாகுலரும்

அப்பா போன வருஷம் ரிட்டயர் ஆனார். ஆன மூணாவது வாரமே, "ஏண்டா, ஒரு பைனாகுலர் என்ன விலை இருக்கும்?"னு ஆரம்பிச்சார்.

"எதுக்குப்பா?"

"நாப்பது வருஷமா கபாலி கோவில்ல அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து கிருத்திகை நட்சத்திரம்னு சொல்லிட்டிருக்கேன். அது எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது ஒழுங்கா பாக்க வேணாமா? அப்புறம் பள்ளிக்கரணைல நிக்கிற கொக்கெல்லாம் நிஜமாவே கொக்குதானான்னும் தெரிஞ்சுக்கணும்."

நாம பொட்டி தட்டறவங்க இல்லையா, உடனே வீரம் வந்துடுச்சு. அன்னிக்கு சாயங்காலமே தி.நகர்ல ஒரு கடை (பேர் வேணாம்). முன்னாடி லென்ஸ் ரத்தச் சிவப்புல பளபளன்னு மின்ன, மேல 20-100னு எழுதியிருந்த ஒண்ணை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிட்டு வந்தேன். மந்தைவெளி மொட்டை மாடியில அப்பா ரெண்டு நிமிஷம் பாத்தார். நிலா ரெண்டா தெரிஞ்சுது. தலைவலின்னு கீழே இறங்கிப் போயிட்டார். திட்டவே இல்லை, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

சரி, இந்தத் தடவை படிச்சுட்டு வாங்குவோம்னு உட்கார்ந்தேன். ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படிச்சதுல, பைனாகுலர் வாங்குறதை விட அதோட வரலாறுதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல நுங்கம்பாக்கம் போவோம். கல்லூரிச் சாலையில வானிலை மையம் இருக்கே, "வடகிழக்குப் பருவமழை"ன்னு டிவியில அடிக்கடி பாக்குறோமே, அதே வளாகம்தான். உள்ளே சுமார் 10 டன் எடையுள்ள ஒரு கருங்கல் தூண் இருக்கு. தமிழ் உள்பட சில மொழிகள்ல எழுத்து வெட்டியிருக்கும். 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கட்டின மதராஸ் வானாய்வகத்தோட மிச்சம் அது. அந்தத் தூண் தலையிலதான் கருவியை வச்சு நட்சத்திரம் பாத்தாங்க.

அதுக்கு முன்னாடியே கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூர்ல சொந்தச் செலவுல ஒரு சின்ன வானாய்வகம் வச்சிருந்தார். கம்பெனி அதை எடுத்துக்கிட்டு பெருசா கட்டினது பக்தியினாலயோ அறிவுத் தாகத்தாலயோ மட்டும் இல்லைங்க. கப்பல் ஓட்டணும், நாட்டை அளந்து வரைபடம் போடணும். ரெண்டுக்கும் வானம் தேவை. 1802-ல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஆரம்பிச்ச மாபெரும் நில அளவைக்கும் இந்த நுங்கம்பாக்கம்தான் ஆதாரம். 1844-ல் டெய்லர் வெளியிட்ட மதராஸ் நட்சத்திரப் பட்டியல்ல மட்டும் 11,015 நட்சத்திரங்கள்!

சரி, தொலைநோக்கி கம்பெனியோடது. அதுல கண்ணை வச்சது யாரு? இங்கேதான் நம்ம ஹீரோ வர்றார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பம். சின்ன வயசுலயே வானாய்வகத்துல வேலைக்குச் சேர்ந்து, படிப்படியா முதல் உதவியாளர் ஆனவர். 1861-ல் நார்மன் போக்சன் தலைமைக்கு வந்தார். நட்சத்திரங்களோட பிரகாசத்துக்கு இன்னிக்கும் உலகம் பூரா பயன்படுத்துற கணக்கைக் கொடுத்தவர் இந்த போக்சன்தான். மதராஸ்ல இருந்தபடி அதே வருஷம் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சு அதுக்கு 'ஆசியா'ன்னு பேரும் வச்சார்.

ரகுநாதாச்சாரி 1867 ஜனவரியில ஒரு நட்சத்திரத்தோட பிரகாசம் ஏறி இறங்குதுன்னு கண்டுபிடிச்சார். ரெட்டிகுலம் மண்டலத்துல இருக்கு, பேரு ஆர் ரெட்டிகுலி. நவீனக் கருவி கொண்டு ஒரு இந்தியர் செஞ்ச ஆரம்பக் கண்டுபிடிப்புகள்ல ஒண்ணு. இதுல ஒரு அழகு பாருங்க. அந்த நட்சத்திரம் தெற்கே ரொம்பக் கீழே இருக்கு. லண்டன் கிரீன்விச்ல எவ்ளோ பெரிய தொலைநோக்கி வச்சாலும் அது உதிக்கவே உதிக்காது. சென்னையிலேயே அடிவானத்துல இருந்து சுமார் 14 டிகிரிதான் மேலே வரும். நுங்கம்பாக்கத்துல நின்னவருக்குக் கிடைச்ச வானம் அது. மறு வருஷம், 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்துக்கு வனபர்த்தியில ஒரு தனிக் குழுவுக்கே இவர்தான் தலைவர். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்துல உறுப்பினர் ஆனார்.

ஆனா அவர் கேட்டது வேற. 1874 டிசம்பர்ல வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கப் போகுதுன்னு, சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி இந்திய மொழிகள்ல சிறு புத்தகம் கொண்டு வந்தார். இந்தியர்கள் தாங்களே பாக்கவும் கத்துக்கவும் ஒரு வானாய்வகம் வேணும்னு கேட்டார். பழைய சூத்திரத்தை அப்படியே ஒப்பிக்காம, வானத்தைப் பாத்து சரி பண்ணின திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். (வாக்கியமா திருக்கணிதமான்னு வீட்டுப் பெரியவங்க இன்னிக்கும் சண்டை போடறாங்களே, அதுல இவருக்கும் பங்கு உண்டு :-)) 1880-ல் இறந்து போனார். அவர் கேட்ட வானாய்வகம் வரலை. 1899-ல் இருந்த வானாய்வகத்தையும் கொடைக்கானலுக்கு மாத்திட்டாங்க. நுங்கம்பாக்கத்துக்கு மிஞ்சினது வானிலையும் தூணும்.

ஏன் அவரே சொந்தமா ஒரு பைனாகுலர் வாங்கி நாலு பேருக்குக் காட்டியிருக்கக் கூடாது? ஏன்னா நாம நினைக்கிற பைனாகுலர் அப்போ கடையில கிடையாது. அன்னிக்கு இருந்தது கலிலியோ பாணி ஓபரா கண்ணாடி. மூணு நாலு மடங்குதான் பெருசாக்கும், தெரியற பரப்பும் சாவித்துவாரம் மாதிரி இருக்கும். இக்னாசியோ போரோங்கிற இத்தாலியர் 1854-லயே முப்பட்டகக் கண்ணாடிகளை வச்சு ஒளியை மடிச்சு, தலைகீழ் பிம்பத்தை நிமிர்த்துற வழியைக் கண்டுபிடிச்சுட்டார். ஆனா அதுக்கேத்த தரமான கண்ணாடி இல்லை. ஜெர்மனியில ஷாட் கண்ணாடி செஞ்சு, அபே கணக்குப் போட்டு, ஸைஸ் நிறுவனம் 1894-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தப்போ ரகுநாதாச்சாரி போய் 14 வருஷம் ஆகியிருந்தது.

பறவை பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் ரத்தத்தோட. மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டான் 1840-கள்ல இங்கேயே இந்தியப் பறவைகள் பத்தி படங்களோட நூல் வெளியிட்டார். அந்தக் காலத்துல பறவையை அடையாளம் காணணும்னா முதல்ல சுடணும், அப்புறம் தோலை உரிச்சுப் பாடம் பண்ணணும். சுடாம பாக்கலாமேன்னு சொன்ன ஆரம்பப் புத்தகங்கள்ல ஒண்ணு, அமெரிக்காவுல ஃப்ளாரன்ஸ் மெரியம் 1889-ல் எழுதினது. தலைப்பே ஓபரா கண்ணாடி வழியா பறவை பாக்குறது பத்திதான். துப்பாக்கியைக் கீழே வைக்க வச்சது அகிம்சை மட்டும் இல்லை, லென்ஸும்தான்.

நம்ம ஊர்ல அந்தக் கண்ணாடி யுகத்தோட ஆள்னா மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவோட மகன், மயிலாப்பூர்வாசி. 1950-ல் இருந்து 1996-ல் இறக்கும் வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில காட்டுயிர் பத்தி எழுதினவர். விலை உயர்ந்த கேமராவைத் தேடாம, பாகங்களைத் தானே ஒட்டுப்போட்டுச் செஞ்ச கேமராவுல யானையையும் புலியையும் எடுத்தார். கருவியை விடப் பொறுமை பெருசுங்கிறதுக்கு மயிலாப்பூர்லயே சாட்சி.

இவ்ளோ இருந்தும் எங்க அப்பா ஏன் 60 வயசு வரைக்கும் பைனாகுலர் பாக்கலை? போருக்கப்புறம் 1950, 60-கள்ல ஜப்பான் தொழிற்சாலைங்க மலிவா செஞ்சு அமெரிக்காவுக்குக் குவிச்சாங்க. நமக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டுல இருந்து யாராவது கொண்டு வரணும், இல்லைன்னா பர்மா பஜார். நுகர்பொருட்கள் மேல இருந்த கடைசி அளவுக் கட்டுப்பாடுகள் போனதே 2001-ல்தான். அப்போ அப்பாவுக்கு என் ஸ்கூல் ஃபீஸ் இருந்தது.

சரி, எதை வாங்கினோம்? சுருக்கமா சொல்றேன்.

8×40ன்னு எழுதியிருந்தா 8 மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ. ரெண்டாவதை முதலால வகுத்தா 5. நம்ம கண்ணுக்குள்ள நுழையற ஒளிக்கற்றையோட அகலம் அது, மில்லிமீட்டர்ல. கும்மிருட்டுல இளவயசுக் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும். வயசாக ஆக 5 பக்கம் சுருங்கும். அப்போ வானம் பாக்க எல்லாரும் சொல்ற 7×50 (அதாவது 7 மி.மீ.) எங்க அப்பாவுக்கு வேஸ்ட். மந்தைவெளி தெருவிளக்கு வெளிச்சத்துல எனக்குமே வேஸ்ட். பாக்கெட்டுல போடற 10×25-ல 2.5 மி.மீ.தான். பகல்ல கிண்டி பூங்காவுல வெளிமான் பாக்க ஓகே, ராத்திரிக்கு ஆகாது.

10-க்கு மேல போனா கை நடுங்கற நடுக்கமும் பெருசாகும், முக்காலி இல்லாம முடியாது. 20-100ன்னு ஜூம் இருந்தா திரும்பிப் பாக்காம ஓடி வந்துடுங்க. சிவப்பு லென்ஸும் வேணாம், அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிடும். பூச்சே இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீதம் ஒளியைத் தின்னும். பத்து பரப்புன்னா மூணுல ஒரு பங்கு காலி. 1935-ல் ஸைஸ் கம்பெனியோட ஸ்மாகுலா கண்டுபிடிச்ச மேற்பூச்சு அதுக்குத்தான். எல்லாப் பரப்புலயும் பல அடுக்குப் பூச்சு இருக்கான்னு கேளுங்க. கடையிலேயே கையை நீட்டி வெளிச்சத்தைப் பாத்துப் பிடிங்க. கண் வைக்கிற பக்கம் தெரியற ஒளிப்புள்ளி முழு வட்டமா இருந்தா உள்ளே பாக்-4 கண்ணாடின்னு நம்பலாம். ஓரம் வெட்டி சதுரமா தெரிஞ்சா மலிவு ரகம். மூக்குக்கண்ணாடி போடறவங்க கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மி.மீ.க்கு மேல இடைவெளி தர்றதா பாருங்க. அப்பாவுக்கு சிலிண்டர் பவர் இருக்கு, கண்ணாடியைக் கழட்ட முடியாது.

இத்தனையும் பாத்து, போரோ வகை 8×40 ஒண்ணு. ஒன்பதாயிரத்துச் சொச்சம். கூரை முப்பட்டக வகை ஒல்லியா அழகா இருக்கும், ஆனா இந்த விலையில போரோதான் தெளிவு.

முதல் ஞாயிறு பள்ளிக்கரணை. (2022-ல் ராம்சர் பட்டியல்ல சேர்ந்த சதுப்புநிலம், மிச்சம் இருக்கிற வரைக்கும் பாத்துக்கோங்க.) அப்பா 'கொக்கு'ன்னு சொன்னதுல பாதி சங்குவளை நாரை. பவளக்கால் உள்ளானோட சிவப்புக் காலைப் பாத்துட்டு, "இதைச் சுட்டுட்டா பேர் கண்டுபிடிச்சாங்க?"ன்னார்.

ஜனவரியில ஒரு ராத்திரி பெசன்ட் நகர் கடற்கரை. தெற்கே அகத்திய நட்சத்திரத்துக்கு வலப்பக்கம், இன்னும் கீழே ரகுநாதாச்சாரியோட நட்சத்திரத்தைத் தேடினேன். சுமார் 9 மாசத்துக்கு ஒரு தடவை பைனாகுலர்ல தெரியற அளவுக்கு அது பிரகாசமாகும். எனக்குத் தெரிஞ்சது நகர வெளிச்சத்தோட ஆரஞ்சு மூட்டம்தான். அவர் பாத்த தெற்கு வானம் இப்போ நம்மகிட்ட இல்லை.

பைனாகுலரை அப்பாகிட்ட கொடுத்து, உச்சிக்குப் பக்கத்துல கார்த்திகையைக் காட்டினேன். வெறும் கண்ணுக்கு ஒரு திட்டு மாதிரி இருந்த இடம். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. உதடு மட்டும் அசைஞ்சுது, எண்ணிட்டிருந்தார்.

"ஆறுன்னுதானேடா சொல்லுவாங்க? முப்பதுக்கு மேல இருக்கே!"

மூணு நாள் கழிச்சு கோவில்ல வழக்கம்போல அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டப்போ, "கிருத்திகை"ன்னு சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க... ஒன்பதாயிரம் அங்கேயே வசூல் ஆயிடுச்சு.

டிஸ்கி: அந்த 20-100 இன்னும் பரண் மேலதான் இருக்கு. யாருக்காவது ஒரே நிலாவை ரெண்டா பாக்கணும்னா சொல்லுங்க, இலவசம் :-)