கட்டளையும் இஷ்டப்பிரசாதமும்

இறையருளைத் 'தேவ இஷ்டப்பிரசாதம்' என்று சொல்லியே நம் முன்னோர் ஞானோபதேசம் படித்தார்கள். காஞ்சி மாநகரில் பிரசாதம் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்பார் யார்? உழைத்துப் பெறும் கூலியன்று அது, கைநீட்டிப் பெறுவது. அப்படியானால் கட்டளைகள் எதற்கு? இக்கேள்வி திருச்சபையோடு கூடப் பிறந்தது. ஏறத்தாழ கி.பி. 49-ல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், மனந்திரும்பிய புறவினத்தாருக்கு விருத்தசேதனம் வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தார்கள். அர்ச். இராயப்பரும் சின்னப்பரும் அதற்காகவே பேசினார்கள். ஆயினும் சில கட்டளைகளை நிறுத்திக்கொண்டார்கள் என்பதையும் மறக்கலாகாது.

தமிழகத்தில் இதே வழக்கு வேறு உருவில் வந்தது. 1606-ல் மதுரை வந்த தத்துவபோதக சுவாமிகள், கிறிஸ்தவனாகப் பறங்கியாக வேண்டியதில்லை என்றார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை 1623-ல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் நிபந்தனைகளுடன் அனுமதித்தார்.

1703-ல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரி வந்திறங்கிய தூர்னோன் ஆண்டகை, நோயினால் உள்நாட்டுக்குள் வராமலே, மறு ஆண்டு 16 பிரிவுகள் கொண்ட ஆணையைப் பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, கல்யாணத்தில் தேங்காய் உடைத்தல், திருநீறு யாவும் விலக்கப்பட்டன. ஊரைப் பாராமல் எழுதிய சட்டம் என்று குறைகூற இடமுண்டு.

ஆனால் அதே ஆணையில் வேறொரு பிரிவும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் வீட்டில் குரு காலடி வைத்தால் மேல்சாதியார் அவரையே ஒதுக்கிவிடுவர் என்ற அச்சம் அன்று இருந்தது. ஆகவே அவஸ்தையில் கிடப்பவரை வெளியே தூக்கிவந்த பிறகே தேவதிரவிய அனுமானங்கள் கிடைத்தன. சாகக் கிடப்பவனைத் தூக்கிச் சுமப்பது எப்படிப்பட்ட கொடுமை! குரு அவன் வீட்டுக்கே போகவேண்டும் என்றது ஆணை. மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோவிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கலாகாது என்றும் விதித்தது. இங்கே இஷ்டப்பிரசாதத்தின் வழியை மறித்து நின்றது ஊர்வழக்கம். கதவைத் திறந்தது கட்டளை.

1744-ல் பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் இவ்வாணையைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். கூடவே, சேசு சபையாரின் யோசனைப்படி, தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ளவும் இசைந்தார். நோயாளியின் குடிசைக்குக் குரு வந்தார், மெய்தான். ஆனால் 'தனி' என்ற சொல்லும் அவரோடு உள்ளே வந்துவிட்டது. அது கோவில் இருக்கைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நெடுநாள் குடியிருந்தது. வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது.