பிள்ளைப்பேறும் ஒரு பழைய தமிழ் நூலும்

ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகள் தொலைபேசியில் கேட்டாள்: "சித்தப்பா, எங்கட ஊரில பிள்ளை பிறக்க முதல் என்னென்ன ஆயத்தம் செய்தவை?" அவளுக்கு இது முதற்பிள்ளை. கடைக்கோ நீண்ட பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள்.

கரம்பொன்னில் எங்கள் வீட்டில் பிறக்குமுன் எதுவும் வாங்குவதில்லை. பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைப்பார்கள். ஏணைக்கு ஒரு சேலை. தாய்க்குச் சரக்கு அரைக்க மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள். அவ்வளவுதான். இதைச் சிக்கனம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். 1938இல் அப்பாச்சியின் முதற்பிள்ளை ஏழாம் நாள் ஏற்புவலியில் இறந்தது என்று பின்னர்தான் அறிந்தேன். பெயர் வைக்கவில்லை. அதன் பின் பிறந்த எவருக்கும் அவர் முன்கூட்டி ஒரு துண்டு துணி வாங்கியதில்லை.

கொப்பூழ்க்கொடியை வெட்டும் கருவி வழியாகவோ, புண்ணில் பூசும் பொருள் வழியாகவோ அக்கிருமி உட்புகும். இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. குளோரின் கலந்த நீரில் கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்று வியன்னாவில் செமெல்வைஸ் கண்டது 1847இல். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்ததும் அதே ஆண்டில்தான். மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை அவர் உருவாக்கினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மான்செலின் பிரசவ வைத்திய நூல் அவர் முயற்சியால் 1857இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. மேலைநாட்டுப் பிரசவ வைத்தியம் தமிழில் அச்சேறி எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்தப் பிள்ளை இறந்தது. நூல் மானிப்பாயில் இருந்தது. அப்பாச்சி தீவில் இருந்தார். பெண்களுக்கென 1890களில் எழுந்த இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரியும் கடலுக்கு அப்பால்தான்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மலேரியா வாட்டிய 1935இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஓராண்டைக் காணவில்லை. அக்காலத்தில் இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். பின்னாளில் அது 30 அளவுக்குக் குறைந்தது. கிராமந்தோறும் நடந்தும் சைக்கிளிலும் வீடு வீடாய்ச் சென்ற மருத்துவ மாதர்களுக்கு இதில் பெரும்பங்குண்டு. அவர்களைப் பற்றி நம்மவர் எழுதியது மிகக் குறைவு. பத்திரிகைக்காரனான நானும் எழுதவில்லை.

பெறாமகளுக்குச் சொன்னவை இவை. ஏற்புத் தடுப்பூசி பற்றி உன் வைத்தியரிடம் கேள். கொப்பூழில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ வைக்காதே. அது காய்ந்து தானே விழட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடு. நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடு. ஒரு வயது வரை தேன் ஆகாது. பிள்ளையைத் தூக்க வருபவர் எவராயினும், உன் மாமியார் உட்பட, முதலில் கை கழுவட்டும். பழந்துணி நல்லதே, கொதிநீரில் அவித்து வெயிலில் காய்ந்திருந்தால்.

"இங்க வெயிலுக்கு எங்க போறது, சித்தப்பா?" என்றாள்.

அப்பாச்சியின் நூற்சேலை ஒன்று, 1990இன் இடப்பெயர்வுக்கும் தப்பி, என்னிடம் இருக்கிறது. அவித்து, இங்கேயே வெயிலில் காயவைத்து, சென்ற கிழமை தபாலில் அனுப்பினேன்.