கீலும் வாதமும்

மட்டக்களப்புக் கல்லடிக்குப் போனபோது மாமா வலது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டியபடி கட்டிலில் கிடந்தார். பெருவிரலின் அடிமொளி சிவந்து வீங்கித் தோல் பளபளத்தது. மின்விசிறிக் காற்றில் போர்வை நுனி பட்டதற்கே பல்லைக் கடித்தார். முதல்நாள் இரவு நல்லபடி படுத்தவர்.

"கிளினிக்கில கீல்வாதம் எண்டாங்க. ஒங்கட மாமிக்கும் கீல்வாதந்தானே, அவ நடந்து திரியிறா. எனக்கு மட்டும் ஏன்கா இப்பிடி?"

மாமிக்கு முழங்கால் தேய்மானம். இரண்டுக்கும் ஒரே பெயர். எனக்குக் கோபம் சொல்லின் மேல்தான்.

கீல் என்றால் மூட்டு. கதவுக் கீலும் இதே கீல்தான். தோணிக்குப் பூசும் கீல் வேறு, அது தார். நம் பக்கத்தில் மூட்டை மொளி என்போம். அகராதியில் அது மொழி. பேசுகிற மொழிக்கும் அதே எழுத்து! வாதம் என்பது வளி, முக்குற்றங்களில் ஒன்று. ஆகக் கீல்வாதம் என்ற சொல் வலிக்கும் இடத்தையும் ஒரு சந்தேகத்தையும் சொல்கிறதே தவிர, நோயைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மூட்டு அழற்சி எல்லாவற்றுக்கும் இதைப் போட்டுவிடுகிறார்கள். மாமாவுக்கு வந்தது கவுட்.

ஆயுர்வேத நூலான சரக சங்கிதை வைத்த வாதரத்தம் என்ற பெயர் இன்னும் கிட்ட வருகிறது, குற்றம் இரத்தத்தில்தான். கவுட் என்பதன் வேர் இலத்தீன் 'குட்டா', அதாவது துளி. கெட்ட நீர் மூட்டுக்குள் சொட்டுகிறது என்று நினைத்தார்கள். சொட்டியது நீரல்ல, ஊசி. கவுட் கட்டியிலிருந்து எடுத்த பொருளில் ஊசிபோன்ற துகள்களை 1679இல் லேவன்ஹூக் உருப்பெருக்கியில் கண்டார். அதில் இருப்பது யூரிக் அமிலம் என்று 1797இல் வொல்லஸ்டன் காட்டினார். இரத்தத்தில் அது மிஞ்சினால் உடலில் குளிர்ந்த ஓரமான கால்விரலில் முதலில் படிகிறது.

சரகர் இதற்கு ஆட்யவாதம் என்றும் பெயர் சொல்கிறார்: செல்வர் வாதம். ஐரோப்பாவிலும் இறைச்சியும் வைனும் மிஞ்சிய மேசையின் நோய் என்றே பேச்சு. வாவிக்கரையில் அந்தப் பெயர் பொய். யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்தவை நெத்தலி, சூடை, இறால். பாரை வாங்க வழியில்லாத வீட்டில்தான் சூடை கொதிக்கிறது. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளிவந்த ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் கவுட் வாய்ப்பைக் கூட்டின, பாலுணவு குறைத்தது. பருப்பும் கீரையும் கூட்டவில்லை. பாவம், நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது பருப்பைத்தான். சாராயம், பியர், சீனி கரைத்த சோடா எல்லாம் தாராளமாக ஓடும்.

பத்தியம் மட்டும் போதாது. யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை உடலே உண்டாக்குகிறது. கவுட் அடிக்கடி வந்தால் இரத்தத்தில் அந்த அமிலத்தை டெசிலீட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர மாத்திரை வேண்டும். வலி தணிக்கத் தரும் கொல்கிசின் நம் கார்த்திகைப்பூக் கிழங்கிலும் உண்டு. அதற்காகக் கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றுவிடக் கூடாது, ஆளையே கொல்லும் நஞ்சு.

"மறுகா என்னத்தத்தான்கா தின்றது?" என்றார் மாமா. படுவான்கரையிலிருந்து வந்த எருமைத் தயிர்ச் சட்டியை மாமி கட்டிலருகே வைத்தா. அவர் சட்டியைப் பார்க்கவில்லை. குசினியில் இறால் பொரியும் வாசம் வந்துகொண்டிருந்தது.