தீவில் ஒரு ஜாகை

என் தங்கை மகன் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கம்பெனிக் காரியமாக அவன் இத்தாலிக்குப் போக வேண்டியிருக்கிறது. செலவோடு செலவாக மனைவியையும் அழைத்துக்கொண்டு போய், கிரேக்க தேசத்துத் தீவு ஒன்றில் நாலு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று அவனுக்கு ஆசை. "மாமா, நீங்கதான் கிரேக்கக் கதை எல்லாம் படிச்சவரு. எந்தத் தீவு, எந்த ஓட்டல்னு சொல்லுங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாலாஜாபேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கொண்டான்.

கதை படித்தவனிடம் ஓட்டல் விசாரிப்பது, கம்பராமாயணம் படித்தவனிடம் கொழும்புக்கு டிக்கெட் விலை கேட்பது போல. இருந்தாலும் மருமகப்பிள்ளை கேட்கிறானே என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். செல்போனில் ஒவ்வொன்றாகப் படம் காட்டினான். எல்லாம் வெள்ளைச் சுவர், நீலக் கதவு. ஓட்டலுக்கு ஓட்டல் வித்தியாசம் தெரியவில்லை. வாடகையில்தான் வித்தியாசம் தெரிந்தது.

படம் பார்ப்பது சுலபமான பகுதி. அதற்குப் பிறகு அவன் ஒரு காகிதக் கட்டை எடுத்தான். விசா கிடைக்க வேண்டுமானால் எந்த ராத்திரி எங்கே படுக்கப் போகிறோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்; பாங்கியில் பல மாதக் கணக்கு வேண்டும்; சம்பளச் சீட்டு வேண்டும்; லீவு கொடுத்திருக்கிறோம் என்று கம்பெனி கடிதம் எழுத வேண்டும்; ஊர் திரும்பி வருவதற்கு டிக்கெட் வேண்டும். காப்பி கொண்டுவந்த அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "நாலு ராத்திரி படுக்கறதுக்கு இத்தனை கேள்வியா?" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஆயாவின் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆயாவும் ஒரு தீவுக்குப் போய் வந்தவள்தான். அவள் போன தீவு ராமேசுவரம்.

1930-களின் நடுவில் நடந்த சமாசாரம். தாத்தாவுக்குப் பட்டு நூல் வியாபாரம். பிரயாண ஏற்பாடு மூன்று மாதம் நடந்ததாம். அரிசியை வறுத்து மாவாக்கியது, புளிக்காய்ச்சல் கிளறியது, ஜமுக்காளம், கூஜா, அரிக்கேன் விளக்கு, சாமான் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்ததெல்லாம் ஆயாவுக்குக் கடைசி வரையில் மனப்பாடம். தாத்தாவுடைய ஏற்பாடு வேறு. தெரிந்த வியாபாரி ஒருவரிடம், ராமேசுவரத்தில் ஒரு சத்திரத்துக் காரியஸ்தருக்கு அவர் சிபாரிசுக் கடிதம் வாங்கினார். அந்தக் கடிதத்தை மஞ்சள் தடவி மடித்து, பெட்டியின் அடியில் புடவைக்குள் வைத்தார்கள். மருமகப்பிள்ளை இன்றைக்கு ஓட்டல் சீட்டை அச்செடுத்து வைத்திருக்கிறானே, அந்தச் சீட்டு தான் இந்தக் கடிதம்.

காட்பாடிக்குப் போய், விழுப்புரத்தில் வண்டி மாறி, ரயிலிலேயே போனார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதற்கு முன்னால் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். பாலத்தின் மேல் வண்டி போகும்போது ஆயா கண்ணை இறுக மூடிக்கொண்டாளாம். அந்தப் பாலம் 2022 கடைசி வரையில் ரயிலைச் சுமந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

சத்திரத்து வாசலுக்குப் போய்ச் சேரும்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. மழை. ஆயாவின் இடுப்பில் என் அம்மா. அப்போது நாலு வயதுக் குழந்தை. காரியஸ்தர் கடிதத்தை வாங்கினார், பிரிக்கவில்லை. "நீங்க யாரு? என்ன ஜாதி?" என்று கேட்டார். தாத்தா சொன்னார். காரியஸ்தர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த கூடத்தைக் காட்டாமல் வெளித் திண்ணையைக் காட்டினார். மூன்று மாத ஏற்பாடு அந்த ஒரு கேள்வியில் முடிந்து போயிற்று.

ஆயா இதைக் கோபமாகச் சொன்னதே கிடையாது. "திண்ணை நல்ல திண்ணைதான், கடற்காத்து ஜிலுஜிலுன்னு வந்துச்சு" என்பாள். ஆனால் கதையை முடிக்கும்போது தவறாமல் இன்னொன்றையும் சொல்லுவாள்: "அந்த மனுஷன், மொதல்ல சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு அப்புறமா ஜாதியைக் கேட்டிருக்கலாம்."

சத்திரங்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஆயாவின் இந்த வாக்கியத்துக்காகப் படித்ததுதான். படிப்பதற்கு வெகு தூரம் போகவும் வேண்டாம். சென்னையிலிருந்து வாலாஜாவுக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் கண்டக்டர் கூவுவதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரம் பிரிகிற இடம் தாண்டினால் பாலுச்செட்டிசத்திரம். பிறகு ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜா. யாரோ ஒரு புண்ணியவான், வழிப்போக்கன் இரவில் எங்கே தங்குவான் என்று யோசித்திருக்கிறான். கட்டடம் கட்டிக் கிணறு வெட்டியிருக்கிறான். அதைச் சுற்றி ஊர் முளைத்துவிட்டது. இன்றைக்கு அந்த ஊர்களில் இறங்குகிறவர்களுக்குச் சத்திரம் எங்கே என்பது ஞாபகத்தில் இல்லை. பெயர் மட்டும் பஸ் பலகையில் இருக்கிறது.

மாட்டு வண்டிக் காலத்தில் பிரயாணத் திட்டம் என்பது இந்தப் பெயர்களை வரிசையாக மனத்தில் வைத்துக்கொள்வதுதான். பணக்காரர்கள் அதையும் நம்புவதில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசி யாத்திரை புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார். கூட நூறு பேர் அளவில் பரிவாரம், பல்லக்கு, கூடாரம். வழியெல்லாம் அவர் தெலுங்கில் எழுதி வைத்த குறிப்புகள் 1838-ல் புஸ்தகமாக வந்தன. இந்த ஊரில் சத்திரம் இருக்கிறதா, கடையில் என்ன கிடைக்கும், தண்ணீர் எப்படி என்று அவர் ஊர் ஊராக எழுதிக்கொண்டு போகிறார். பின்னால் வருகிறவனுக்குப் பிரயோஜனப்பட வேண்டும் என்ற எண்ணம். மருமகப்பிள்ளையின் செல்போனில், ஓட்டலுக்குக் கீழே தங்கிப் போனவர்கள் அபிப்பிராயம் எழுதியிருக்கிறார்களே, வீராசாமி அவர்களுக்கெல்லாம் மூத்தவர்.

ராமேசுவரம் பாதைக்குத் தஞ்சாவூர் மராத்திய ராஜாக்கள் செய்த ஏற்பாடு இன்னும் பெரியது. தஞ்சாவூரிலிருந்து சேதுவுக்குப் போகிற வழி நெடுக அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் சத்திரங்கள் கட்டினார்கள். சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப் பெயர் இன்றும் இருக்கிறது. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் தம்முடைய பிரியத்துக்குரிய முக்தாம்பாளின் நினைவாகக் கட்டிய சத்திரமும் அந்த வரிசையைச் சேர்ந்தது. 1799 உடன்படிக்கையில் சரபோஜி ராஜ்யத்தைக் கம்பெனியாரிடம் விட்டுவிட்டார். அவர் கையில் மிஞ்சியது கோட்டையும் பட்டமும்தான். அப்படி இருந்தும், சத்திரங்களுக்கு மானியமாக விட்டிருந்த கிராமங்களில் கம்பெனி கை வைத்துவிடக் கூடாதே என்று 1801-ல் ரெஸிடெண்ட் டோரின் துரைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார்.

ராஜ்யத்தை இழந்தவர் எழுதிய கடிதம் அது. அதில் தமக்கென்று அவர் வாதாடவில்லை. சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுகிறார். பிராமணர் முதல் பறையர் வரையில் வருகிற யாத்திரிகர் எல்லாருக்கும், ஜோகி, ஜங்கமர், பைராகிகளுக்கும் சோறு போடப்படுகிறது. சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியும் சாமானுமாகக் கொடுத்துவிடுகிறார்கள். நோயாளிக்கு மருந்து உண்டு; குழந்தைக்குப் பால் உண்டு; கர்ப்பிணிக்குப் பராமரிப்பு உண்டு; வந்த இடத்தில் இறந்துபோனவனுக்கு அவன் முறைப்படி ஈமக் கிரியையும் உண்டு. பந்தி நடு ராத்திரி வரையில் நடக்கிறது. நடு ராத்திரியில் ஒரு மணி அடித்து, இன்னும் யாராவது சாப்பிடாதவர்கள் இருந்தால் வரவேண்டும் என்று கூவி அழைக்கிறார்கள்.

அந்த மணியைப் பற்றி முதல் தடவை படித்தபோது நான் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சரபோஜி எழுதவில்லை; எழுதாததை நான் சேர்க்க மாட்டேன். ஆனால் அங்கே முதலில் கேட்டது, ஆயா கேட்டிருக்கலாம் என்று சொன்ன கேள்வியைத்தான். நூற்று முப்பது வருஷம் கழித்து அதே சேதுவின் கரையில் தாத்தாவிடம் வேறு கேள்வி கேட்டார்கள்.

ரயில் வந்தால் இதெல்லாம் மாறும் என்று நினைத்தவர்கள் உண்டு. ரயில் முதலில் வந்ததே எங்கள் பக்கம்தான். 1856 ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ஓடத் தொடங்கிற்று. மாட்டு வண்டியில் நாட்கணக்கில் போன வழி ஒரே பகலில் அடங்கிப்போயிற்று. நடுவில் இருந்த சத்திரங்களில் இறங்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஸ்டேஷனும் ஊருக்குள் வரவில்லை. பெயருக்கேற்றபடி 'ரோடு' என்று சில மைல் தள்ளியே நின்றுவிட்டது. கீழ்க்கரைக்கும் மலை மேல் நாட்டுக்கும் நடுவே பெரிய சந்தையாக இருந்த நவாப் வாலாஜாவின் பேட்டைக்கு, ரயிலால் வியாபாரம் குறைந்ததுதான் கண்ட பலன். ஆனால் ரயில் பெட்டியில் பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று கேட்க முடியாது. கேட்டாலும் எழுந்து போக இடம் இராது. பெட்டியில் கேட்க முடியாததை ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதியில் பலகை எழுதி மாட்டிக் கேட்டார்கள்: பிராமணருக்கு ஒரு பக்கம், இதரருக்கு ஒரு பக்கம். பெரியார் கிளர்ச்சி செய்தார். 1941-ல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. ஆயா போய் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது.

இத்தனையும் நான் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. "மாமா, தீவு?" என்றான் மருமகப்பிள்ளை.

கிரேக்கர்களிடம் இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் சொந்தம் உண்டு. நம்முடைய 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை, புதிதாக வந்தவன். சாப்பாடு என்ற பொருள் பிற்பாடு வந்தது. கிரேக்கத்தில் 'க்ஸெனோஸ்' என்றால் அந்நியன். அதே சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள். இன்றைக்கும் அங்கே ஓட்டலுக்குப் பெயர் 'க்ஸெனொதொகீயோ': அந்நியனை ஏற்கிற இடம். ஹோமரின் ஒதிஸ்ஸி காவியத்தில், கப்பல் உடைந்து ஒரு தீவில் கரை ஒதுங்கிய ஒதிஸ்ஸியஸ் அரண்மனைக்குள் போய்க் கணப்பருகே சாம்பலில் உட்காருகிறான். ராஜா அவனை எழுப்பி ஆசனத்தில் உட்கார்த்திச் சோறு போடச் சொல்லுகிறான். சாப்பாடு ஆன பிறகுதான் ராணி, நீ யார் என்று கேட்கிறாள். அப்போதும் அவன் பெயரைச் சொல்லவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. மறுநாள் விருந்தும் பாட்டும் முடிந்த பிறகே பெயர் வெளியே வருகிறது. அதே காவியத்தில் வந்தவர்களைக் கண்டவுடன், நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறவன் ஒருவன் உண்டு: ஒற்றைக் கண் ராட்சதன். விருந்தாளிகளைப் பிடித்துத் தின்றவன் அவன்.

"விசா ஆபீஸிலே ஒற்றைக் கண்ணா?" என்று சிரித்தாள் மருமகள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல நான் யார்? அவர்கள் ஜாதி கேட்கவில்லை. பாங்கிக் கணக்குத்தான் கேட்கிறார்கள். கணக்கு இருந்தால் கதவு திறக்கிறது. தாத்தாவிடம் பணம் இருந்தும் கதவு திறக்கவில்லை. இந்த வித்தியாசத்தைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் டீனோஸ் என்ற தீவைச் சொன்னேன். நீலத் தண்ணீர்த் தொட்டிக்காகப் போகிற தீவு அல்ல; யாத்திரைத் தீவு. 1823-ல் மண்ணுக்கடியிலிருந்து தேவமாதாவின் படம் ஒன்று கிடைத்து, அதற்கு அங்கே கோயில் கட்டினார்கள். கப்பல்துறையிலிருந்து கோயில் வரைக்கும் மேடாக ஏறுகிற தெருவில் பக்தர்கள் முழங்காலால் ஊர்ந்து போகிறார்கள். வேளாங்கண்ணியில் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டு 15 அங்கே திருநாள். அன்றைக்கு ஓட்டலில் அறை கிடைக்காது. கோயில் முற்றத்திலும் தெருவிலும் படுத்துக் கிடப்பார்கள். "ஆகஸ்டு வேண்டாம்; அக்டோபரில் போங்க" என்றேன். ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள பிரேயஸிலிருந்தோ ரஃபீனாவிலிருந்தோ கப்பல் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரலாம்.

பெரிய ஓட்டல் ஒன்றும், நாலே அறையுள்ள ஒரு வீடும் பார்த்தோம். பெரிய ஓட்டலுக்குப் பாஸ்போர்ட் நம்பர், கார்டு நம்பர் என்று நிரப்ப ஒரு பக்கம் இருந்தது. வீட்டுக்காரியம்மாளுக்கு மருமகப்பிள்ளை கடிதம் அனுப்பினான். இரண்டு நாளில் பதில் வந்ததும் ஓடிவந்து காட்டினான். எந்தக் கப்பல் என்று கேட்டிருந்தாள். காற்று பலமானால் கப்பல் தாமதமாகும், எவ்வளவு நேரமானாலும் துறையில் நிற்கிறேன், ராத்திரியில் சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

"பாஸ்போர்ட் நம்பர் கூடக் கேக்கலியே மாமா. நம்பலாமா?" என்றான்.

விசாவுக்கு வேண்டிய சீட்டையும் அவளிடமே கேட்டு வாங்கிக்கொள், அதற்கு முன்னால் எந்தக் கப்பல் என்று பதில் எழுது என்றேன்.