ஆறு கிலோமீட்டர் பிறந்த கதை

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில், கேளம்பாக்கம் சிக்னலில் நின்று நெட் வேகம் பார்த்தால் முள் விறுவிறுவென்று ஏறும். சிறுசேரி கம்பெனி பஸ்கள் திரும்பும் சாயங்காலம் மட்டும் வேண்டாம். அப்போது ஒரே டவரை ஊரே பங்கு போட்டுக்கொண்டிருக்கும். காலை பதினோரு மணிக்குப் பாருங்கள், மூன்று இலக்கம் காட்டும். அங்கிருந்து கோவளம் சாலையில் கிழக்கே திரும்பி உப்பளம் வரை நடந்தேன். வீடியோ பார்க்க ஒரு தடையும் இல்லை. வரப்போரம் குவித்திருந்த உப்பைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பப் பார்த்தபோதுதான் வட்டம் சுற்றத் தொடங்கியது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர் பலகையை நிறுத்தாமலே சொன்னார்: "இங்க வர்றது வந்துரும் சார். போறதுதான் போகாது."

அவர் சொன்னது சரியான கணக்கு. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது; நம் கைபேசிக்கு உள்ளது சுமார் 0.2 வாட். எட்ட நிற்பவருக்கு டவர் பேசுவது கேட்கும். அவர் பேசுவது டவரின் காதில் விழாது.

இந்தத் தூரப் பிரச்சினை 5ஜிக்கும் உண்டு. அது எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தது ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 2017-இல் வந்த அதன் தேர்வுத்தாளில் இரண்டு வேகங்கள் உண்டு. உச்ச வேகம், நொடிக்கு 20 ஜிகாபிட். இது விளம்பரத்துக்கு ஆகும். இன்னொன்று, கையில் கிடைக்கும் வேகம்: நெரிசலான நகரத்தில் நொடிக்கு 100 மெகாபிட். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்காவது அது கிடைக்க வேண்டும். 20,000 எங்கே, 100 எங்கே! இருநூறில் ஒரு பங்கு. பெரிய எண்ணைப் போஸ்டரில் போட்டவர்கள் சின்ன எண்ணை மறைத்ததில் வியப்பில்லை.

கிராமத்துக்கும் தனிப் பரீட்சை இருந்தது. ஆனால் அந்தக் கிராமத்தைப் பாருங்கள்: டவருக்கு டவர் 1,732 மீட்டர், காரில் போகிறவர் மணிக்கு 120 கிலோமீட்டரில் பறக்கிறார். (1,732 என்ன கணக்கு என்று விழிக்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள அறுகோணங்களைத் தேன்கூடுபோல அடுக்கினால், நடுவுக்கு நடு அவ்வளவு வரும்.) நம்மூர்ப் பக்கம் எந்தக் கிராமத்தில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு டவர் நிற்கிறது? எந்த ஊர்ச் சாலையில் 120-இல் போக முடிகிறது?

அந்தக் கேள்வியை ஒன்றியத்தின் மேசையில் வைத்தது இந்தியத் தரப்பு. அதில் முன்னின்ற கைகளில் ஒன்று இதே ஓ.எம்.ஆரின் வடக்கு முனையில் இருக்கிறது: சென்னை ஐ.ஐ.டி.யும், தரமணி ஆராய்ச்சிப் பூங்காவில் அதைச் சார்ந்து இயங்கும் கம்பியில்லாத் தொழில்நுட்ப மையமான 'சீவிட்'டும். அவர்களது வாதம் எளிமையானது. ஃபைபர் வந்து நிற்பது ஊராட்சி அலுவலகத்தில். டவர் போடத் தோதான இடமும் அதுதான். அடுத்த ஊராட்சி ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஆகவே டவருக்கு டவர் ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மக்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் இருப்பார்கள், அல்லது மணிக்கு 3 கிலோமீட்டரில் நடப்பார்கள். வண்டியில் போகிறவருக்கு 30 போதும்.

ஒன்றியம் ஏற்றுக்கொண்டது, அதையும் கட்டாயப் பாடமாக்கி. 5ஜி என்று பெயர் வாங்க வரும் எந்தத் தொழில்நுட்பமும் ஆறு கிலோமீட்டர் பரீட்சையையும் எழுதியாக வேண்டும். உப்பள வரப்பில் நடக்கிறவர் முதல்முறையாகக் கணக்குக்குள் வந்தது அப்படித்தான்.

அடுத்தது, பரீட்சையில் நன்றாகத் தேறும் வழி. சென்னை ஐ.ஐ.டி., சீவிட், ஹைதராபாத் ஐ.ஐ.டி. சேர்ந்து கைபேசி அனுப்பும் அலையின் வடிவத்திலேயே கைவைத்தன. கல்யாண வீட்டு மைக்செட்காரரைக் கேட்டால் விஷயம் புரியும். பாட்டில் திடீர் திடீரென்று உச்சம் எகிறினால், குழாய் கரகரக்கும் என்று பயந்து வால்யூமைக் குறைத்தே வைப்பார். சத்தம் சீராக இருந்தால் முழுசாகத் திருப்புவார். கைபேசிக்குள் இருக்கும் பெருக்கியும் அப்படித்தான். அலையைச் சீராக்கினால் அந்த 0.2 வாட்டையும் மிச்சமில்லாமல் செலவழிக்கலாம். குரல் இன்னும் கொஞ்சம் தூரம் எட்டும்.

இதைச் சேர்த்து உருவான இந்தியத் தரமான '5ஜிஐ' 2021-இல் ஒன்றியத்தின் பட்டியலில் ஏறியது. உள்ளூரில் சண்டை மூண்டது. உலகம் ஒரு தரத்தில் போகும்போது நமக்கு மட்டும் தனித் தரமா, போன் விலை ஏறாதா என்று செல்பேசி நிறுவனங்கள் எதிர்த்தன. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் அதன் அம்சங்கள் உலகப் பொதுத் தரத்தின் 17-ஆம் பதிப்போடு கலந்தன. தனிப் பெயர் போயிற்று. 2022 அக்டோபர் 1-இல் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. மேடையில் ஆறு கிலோமீட்டரை யார் நினைத்தார்கள்?

தரம் எழுதுவது வேறு, டவர் நடுவது வேறு. அகலமான 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. 700 மெகாஹெர்ட்ஸ் வெகுதூரம் போகும், ஆனால் ஒடுங்கிய பாதை. எதை எங்கே வைப்பது என்பதை ஆள்தலையை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். உப்புப் பாத்திகளுக்கு நடுவில் தலைகள் குறைவு.

உப்பளத்துக்காரரிடம் லோடு படத்தை எப்படி அனுப்புகிறார் என்று கேட்டேன். "லாரிக்காரர்கிட்ட போனைக் குடுத்துருவேன். ரோட்டுக்கு ஏறினதும் தானாப் போயிரும். திரும்பி வர்றப்ப தருவார்."