உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் புலனாய்வுத் தகவல் பகிர்வும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று ஆடம்பர ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற தகவல் 17 நாட்களுக்கு முன்பே நாட்டின் அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்திருந்தது. தகவல் இருந்தும் மக்கள் ஏன் காக்கப்படவில்லை என்பதே பின்னர் நடந்த விசாரணைகளின் மையக் கேள்வியானது.

பின்னணி

தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிம் காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவரது தீவிரப் போக்குப் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி வழியினருடன் ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவானார்.

அதன் பின் தனித்தனியாகச் சில தடயங்கள் கிடைத்தன. 2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு, வவுணதீவில் காவலில் இருந்த இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். சந்தேகம் முன்னாள் விடுதலைப் புலிகள் மீது திரும்பியது. புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். அக்கொலைகளைச் செய்தது சஹ்ரான் குழு என்பது உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகே தெரியவந்தது. 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. அந்த விசாரணையைத் தொடர்ந்து 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பெருமளவு வெடிபொருட்களைக் கைப்பற்றியது. இத்தடயங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் பொறுப்பை எந்த அமைப்பும் முழுமையாக நிறைவேற்றவில்லை.

அரசியல் சூழலும் இதற்குத் துணைபோனது. 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவி நீக்கியதால் அரசியலமைப்பு நெருக்கடி உருவானது. டிசம்பரில் ரணில் மீண்டும் பிரதமரான பிறகும் இருவருக்கும் இடையிலான பிளவு தீரவில்லை. பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி தலைமை தாங்கிய தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் அழைக்கப்படவில்லை. அதே காலத்தில், பயங்கரவாத விசாரணைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பிரதிப் பொலிஸ் மா அதிபர் வேறொரு குற்றச்சாட்டில் கைதானார். அப்பிரிவு சஹ்ரான் பற்றி நடத்திவந்த விசாரணை தளர்ந்தது.

எச்சரிக்கை சென்ற வழி

ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியத் தரப்பிலிருந்து அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்குத் தகவல் வந்தது. சஹ்ரானும் கூட்டாளிகளும் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகின்றனர் என்றும், தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயமும் இலக்குகளாகலாம் என்றும் அது கூறியது.

பணிப்பாளர் 7ஆம் திகதி அதனைத் தேசிய புலனாய்வுப் பிரதானிக்கு எழுத்தில் அனுப்பினார். பிரதானி 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் எழுதினார். அதே நாளில் நடந்த வாராந்தப் புலனாய்வு ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இவ்விடயம் உரியவாறு ஆராயப்படவில்லை. பொலிஸ் மா அதிபர் கடிதத்தை விசேட அதிரடிப்படை உள்ளிட்ட சில பிரிவுகளின் உயர் அதிகாரிகளுக்கு அனுப்பினார். 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் அதனைப் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அறிவித்தார்.

இவ்வாறு ஒரு வாரம் கடிதங்களிலேயே கழிந்தது. அமைச்சர்களையும் தூதுவர்களையும் காக்கும் பிரிவுகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது. இலக்காகக் குறிப்பிடப்பட்ட தேவாலயங்களின் பொறுப்பாளர்களுக்கு அது சொல்லப்படவில்லை. ஓர் அமைச்சர், தாக்குதல் அபாயம் பற்றித் தமது தந்தை கேள்விப்பட்டுத் தம்மை எச்சரித்ததாகப் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். ஆராதனைக்குச் சென்ற பொதுமக்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

ஏப்ரல் 16இல் காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. அது தாக்குதலுக்கான ஒத்திகை. 20ஆம் திகதி மீண்டும் வெளிநாட்டுத் தகவல் வந்தது. தாக்குதல் எந்நேரமும் நடக்கலாம் என்றது. அது உயர் அதிகாரிகளிடையே தொலைபேசி வழியாகப் பகிரப்பட்டது. மறுநாள் காலை கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்தன. சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள் பலர்.

விசாரணைகளும் தீர்ப்பும்

பாராளுமன்றத் தெரிவுக்குழு 2019 ஒக்டோபரில் அறிக்கை சமர்ப்பித்தது. ஏப்ரல் 4ஆம் திகதித் தகவலைப் பகிர்வதில் ஏற்பட்ட தாமதத்துக்கு அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கே மிகுந்த பொறுப்பு உண்டு என்றும், ஜனாதிபதி உட்பட ஏனையோரும் கடமை தவறினர் என்றும் அது கூறியது. 2021 பெப்ரவரியில் அறிக்கை அளித்த ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு, உயர்மட்டத்தினர் மீது மட்டுமன்றி, தகவலைப் பெற்றும் செயற்படாத கீழ்நிலைப் பொலிஸ் அதிகாரிகள் சிலர் மீதும் குற்றவியல் நடவடிக்கையைப் பரிந்துரைத்தது.

2023 ஜனவரி 12இல் ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு, 12 அடிப்படை உரிமை மனுக்கள் மீது தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 100 மில்லியன் ரூபாயும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 75 மில்லியன் ரூபாயும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 50 மில்லியன் ரூபாயும், தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்தவர் 10 மில்லியன் ரூபாயும் தமது சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என உத்தரவிட்டது.

பிற நாடுகளின் அனுபவம்

இக்குறைபாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட இருவரைப் பற்றி அமெரிக்க மத்திய புலனாய்வு முகவரகம் முன்பே அறிந்திருந்தும், உள்நாட்டு விசாரணைப் பணியகத்துக்கு அது உரிய காலத்தில் சென்று சேரவில்லை. அதற்குப் பிறகே அங்கு தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையமும், மாநில, உள்ளூர்ப் பொலிஸாரை இணைக்கும் தகவல் மையங்களும் உருவாயின. இந்தியாவில் கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட பல்முகமை மையம், 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலை அடுத்து, மாநிலங்களுடன் நேரடித் தொடர்பு கொண்டதாக வலுப்படுத்தப்பட்டது.

இந்நாடுகளில் தாக்குதலுக்குப் பின் எழுந்த முதன்மைக் குறை, தகவல் அமைப்புகளுக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது. இலங்கையில் தகவல் நகர்ந்தது. பெறுபவர் என்ன செய்ய வேண்டும், யாருக்கு எப்போது பதில் அறிவிக்க வேண்டும் என்பது மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பியதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதினர். அறிந்திருந்தும் செயற்படாதிருப்பது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறுவதாகும் என்பதை 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிலைநாட்டியது.